செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை: காரைக்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்

அண்ணன் மகளுக்கு வயது 19, தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அழைத்து வந்ததிலிருந்து எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் காட்டுகிறோம். தனியார் ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றார் மதினி. நான் இங்கேதான் போகச் சொல்வேன். அங்கே இருக்கும் செவிலியர்தான் காரணம்.

எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். இந்த வயதில் ரத்தசோகைக்கும் பிரஷருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதில் கறார்தான். அதெல்லாம் முடிந்ததும், "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்று எங்களை அனுப்பிவிட்டார். மதினிக்கு முகம் வாடிவிட்டது. "பெத்தவகிட்ட சொல்லாததையா இவங்ககிட்ட சொல்லப்போறா?" என்றார்.

சொல்லியிருக்கிறாள். ராத்திரித் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, பிரசவ அறையில் ஒத்தையாகக் கிடந்து செத்துப்போவேனோ என்று பயம். வீட்டுக்கு வருகிற ஆச்சிமார் ஆளுக்கொரு பிரசவக் கதை சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று எங்கே திரும்பினாலும் ஆள் இருக்கிற வீடு எங்களுடையது. சாப்பிட்டியா என்று எல்லோரும் கேட்கிறோம், பயமா இருக்கா என்று யாரும் கேட்பதில்லை.

அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது வீட்டுப் பெண் ஒருவர் துணைக்கு இருக்கலாம், யார் வேண்டும் என்று நீயே சொல் என்றாராம் செவிலியர். "அயித்தை இருக்கட்டும், அம்மா அழுதுடும்" என்றாளாம் இவள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையிடமும் போனில் பேசி, தினமும் ராத்திரி ஒரே நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டார். நடுராத்திரியில் பயம் வந்தால் 14416. டெலி மானஸ் என்ற அந்த மனநல உதவி போன் சேவையில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஒருநாள் பேசியும் இருக்கிறாள். இப்போது கொஞ்சம் தூங்குகிறாள்.

குறை என்றால், அந்தப் பேச்சுக்குத் தனி அறை இல்லை, ஒரு திரைதான் மறைப்பு. உள்ளே பேசுவது வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். வயிறு தள்ளிக்கொண்டு நிற்பவர்களுக்கு நாற்காலியும் போதவில்லை. ஸ்கேனுக்கு டவுனுக்குத்தான் போகவேண்டும்.

கர்ப்பிணிகளுக்கான அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டு, ஆனால் 19 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் துணை இன்னும் அதிகம் தேவை என்பது என் எண்ணம். 18 நிறையாத பிள்ளை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளையின் உயிர் முக்கியம், கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-லும் உதவி கேட்கலாம்.

போகிறவர்கள் ஆதார் அட்டையும் பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரும் எண்) எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். செவிலியர் வெளியே இருக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் எழுந்து போங்கள்.