எண்ணி நடப்பதா, கேட்டு நடப்பதா? பார்வையற்ற ஆட்டக்காரரும் புதிர்ப்பாதையும்

கணினி விளையாட்டில் புதிர்ப்பாதை ஒன்று குறுக்கிட்டால், திரையைப் பார்க்காமல் விளையாடும் என்னைப் போன்றோருக்கு மூன்று வழிகள் உண்டு. கட்டம் கட்டமாக நகர்ந்து, நிற்கும் கட்டத்தின் எண்ணைத் திரைவாசிப்பானிடம் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) கேட்டறிவது ஒன்று. ஹெட்போனில் இடமும் வலமுமாக வரும் ஒலிகளைக் கொண்டு நினைத்த பக்கமெல்லாம் நடப்பது இன்னொன்று. ஒரு விசையை அமுக்கினால் விளையாட்டே திசை காட்டிவிடுவது மூன்றாவது. மூன்றையும் முயன்று பார்த்த பிறகு முதல் வழியிலேயே நிலைத்துவிட்டேன் என்பதால், இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2020இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. அவற்றுள் ஒன்றை இயக்கிக்கொண்டு விளையாட்டுக் கைக்கருவியின் இடப்பக்கக் குச்சியை அமுக்கினால், கதை நகர வேண்டிய திசையை நோக்கிப் பார்வை தானாகத் திரும்பிவிடும். கதையை முடிப்பதே நோக்கம் என்றால் இது அருமையான ஏற்பாடு. ஆனால் புதிர்ப்பாதையில் வழியையே சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு புதிர் எங்கே இருக்கிறது? அந்த விளையாட்டு என் கையில் இருந்தது சில மணி நேரமே. ஆகவே இதற்கு மேல் அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஒலியை நம்பி நடப்பதன் கவர்ச்சியை மறுக்க முடியாது. 1996இல் வந்த ‘குவேக்’ விளையாட்டைப் பார்வையற்றோரும் ஆடும்படி மாற்றியமைத்த ‘ஆடியோகுவேக்’ போன்ற முயற்சிகள் இந்த வழியைத்தான் பின்பற்றின. கல்தரையில் காலடி ஒலித்துக்கொண்டிருக்க, இடப்புறம் திடீரென எதிரொலி விரிந்து, அங்கே ஒரு திறப்பு இருப்பது புரியும் அந்தக் கணத்தின் சுகம் கட்ட எண்ணைக் கேட்பதில் கிடைக்காது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை அடைந்து மறு காதை அடைவதற்குள் ஏறத்தாழ 0.7 மில்லி விநாடி இடைவெளி விழுகிறது. இடம், வலம் தெரிவதற்கு இந்த இடைவெளி பெரிதும் உதவுகிறது. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வரும் ஒலிகளுக்கோ அந்த இடைவெளி ஏறக்குறைய பூச்சியம். நிஜ வாழ்வில் தலையைச் சற்றுத் திருப்பி ஐயத்தைத் தீர்த்துக்கொள்கிறோம்; சாதாரண ஹெட்போனில் தலையோடு சேர்ந்து ஒலியும் திரும்பிவிடுவதால் அதற்கும் வழியில்லை. விலையுயர்ந்த, தலையசைவை உணரும் ஹெட்போன்களில் நான் விளையாடியதில்லை. அவற்றில் இந்தக் குறை தணிந்திருக்கலாம்.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது ஒலியின் துல்லியம் அன்று. வழி தவறிய பின் மீள முடிகிறதா என்ற ஒரே கேள்விதான். புதிர்ப்பாதையில் எல்லோரும்தான் வழி தவறுகிறார்கள். பார்ப்பவர் மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தை ஒரு முறை நோக்கிவிட்டுத் தொடர்வார். நமக்கு வரைபடம் மனத்தில்தான் இருக்கிறது, அதுவும் ஒவ்வொரு திருப்பத்தையும் பிசகாமல் எண்ணும் வரைதான் இருக்கிறது. ஒலிவழி விளையாட்டில் எதிரி ஒருவன் தாக்க, அவனைத் தேடி நாலு பக்கமும் சுழன்று, சண்டை முடிந்து நிமிரும்போது எந்தத் திசையை நோக்கி நிற்கிறேன் என்பதே கலைந்துபோயிருக்கும். திசைகாட்டி விசை இருந்தால் வடக்கு எது என்று தெரியவரும். நான் நிற்கும் இடம் எது என்பது தெரியவராது. இருபது நிமிட உழைப்பு இப்படி ஒரே சுழற்சியில் வீணாவதைப் பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

கட்டவழியில் இந்த இழப்பு நேர்வதில்லை. ஒரு விசையை அமுக்கினால் ‘நெடுக்கு 7, குறுக்கு 3’ என்று குரல் சொல்லும். சண்டையோ தொலைபேசி அழைப்போ, இரண்டு நாள் இடைவெளியோ எதுவாயினும், அந்த இரண்டு எண்களைக் கொண்டு மறுபடியும் தொடங்கலாம். இதற்குத் துணையாக நான் எக்செல் தாளைப் பயன்படுத்துகிறேன். அம்புக்குறி விசையால் நகரும்போதே திரைவாசிப்பான் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் உள்ளடக்கத்தையும் படித்துவிடுவதால், அது கைக்கு வசப்பட்ட வரைபடமாகிறது. சுவருக்கு ‘சு’, முட்டுச்சந்துக்கு ‘மு’, கதவுக்கு ‘க’ என்று ஓரெழுத்தில் குறித்துக்கொள்கிறேன். நீளமான சொற்களை எழுதினால் குரல் அவற்றைப் படித்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

வலக்கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நடந்தால் போதும் என்பார்கள். எல்லாச் சுவர்களும் வெளிச்சுவரோடு தொடர்புற்றிருந்தால்தான் அது பலிக்கும். நடுவே தனித்து நிற்கும் சுவரைப் பிடித்துவிட்டால் அதையே வலம் வந்துகொண்டிருப்போம். அதைவிட, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ட்ரெமோ முறை நம்பகமானது: நுழையும் வழிக்கெல்லாம் ஒரு குறி இட்டு, இரண்டு குறி விழுந்த வழியில் மீண்டும் போகாதிருப்பது. தாளில் இதைச் செய்வது எளிது. ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வழியில் எத்தனை குறி என்று நினைவில் சுமப்பது என்னால் ஆகவில்லை.

கட்டவழிக்கும் வரம்பு உண்டு. 1976இல் உருவான ‘கொலாசல் கேவ் அட்வென்ச்சர்’ என்ற, படமின்றி எழுத்தாலேயே ஆடும் விளையாட்டின் புதிர்ப்பாதையில் வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கு வந்துசேர்வோம் என்ற உறுதியில்லை. அறைகளின் வர்ணனையும் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே என் சதுரத் தாள் செல்லாது. ஒவ்வோர் அறையிலும் கைப்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டு, அதைக் கொண்டு அறையை அடையாளம் காண்பதே ஆட்டக்காரர்கள் கண்ட வழி; அறைக்கு ஒரு கிடைவரிசை, திசைக்கு ஒரு நெடுவரிசை என்று பட்டியலிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பல தளங்கள் கொண்ட புதிர்ப்பாதை என்றால் தளத்துக்கு ஒரு தாள் திறந்துகொள்வேன். கீழ்த்தளத்தின் படிக்கட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, மேல்தளத்தின் தாளிலும் அதே கட்டத்தில் ‘ப’ என்று முதலிலேயே எழுதிவிட்டுத்தான் படியேறுவேன்.