கொரில்லா உடம்பு, டைவர் தலை

உலகம் அழிந்துவிட்டது, மிச்சம் எட்டே பேர். அழித்தவன் யார் என்று பார்த்தால், கொரில்லா சூட் போட்டு, தலையில் கடலுக்குள் இறங்குகிற டைவரின் ஹெல்மெட் போல ஒன்றை மாட்டி, அதில் ஆன்டெனா செருகிய ஒரு ஆள். பெயர் ரோ-மேன். 1953இல் வந்த ‘ரோபோட் மான்ஸ்டர்’ படத்தைப் போன வாரம் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன், சொல்ல வெட்கமே இல்லை.

இயக்குநர் ஃபில் டக்கர் கையில் இருந்தது சுமார் 16,000 டாலர், நாலே நாள் படப்பிடிப்பு. ரோபோ உடை செய்யக் காசு ஏது? ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாகக் கொரில்லா சூட் இருந்தது, அவரையே கூப்பிட்டுவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் பிரான்சன் பள்ளத்தாக்கில் ஒரு குகை (பிற்பாடு பேட்மேன் டிவி தொடரில் வௌவால் குகையாக வந்ததும் இதுதான்), வாசலில் ஒரு மேசை, மேலே பழைய ரேடியோ பெட்டி, பக்கத்தில் சோப்புக் குமிழி விடும் மெஷின். வேற்றுக்கிரகத் தொழில்நுட்பமாம்! திருவிழாவில் பிள்ளைகள் ஊதுகிற அதே குமிழிதான், அதற்கு டைட்டிலில் பெயர் போட்டு மரியாதை வேறு செய்திருக்கிறார்கள்.

கிண்டல் பண்ணத்தான் உட்கார்ந்தேன். ஆனால் திரையில் ஒருத்தர் முகத்திலும் கிண்டல் இல்லை. ரோ-மேனுக்கு மிஞ்சிய பெண்களில் ஒருத்தி மேல் ஆசை வந்துவிடுகிறது, கொல் என்று மேலிடத்து உத்தரவு, மனசு கேட்கவில்லை, கொன்றாகவும் வேண்டும் முடியவும் இல்லை என்று முகமே தெரியாத அந்த ஆள் மலைச்சரிவில் தனியாக நின்று கையை ஆட்டி ஆட்டிப் புலம்புகிறான். அபத்தம்தான், ஆனாலும் பாவமாக இருக்கிறது. வேண்டுமென்றே மட்டமாக எடுத்து நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிற இப்போதைய படங்களில் இது எனக்குக் கிடைப்பதே இல்லை.

அப்புறம் இசை. பிற்பாடு ஹாலிவுட்டின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவரான எல்மர் பெர்ன்ஸ்டைன்! இடதுசாரிச் சார்புக்காகப் பெரிய ஸ்டூடியோக்கள் அவரை ஒதுக்கியிருந்த நேரம், கிடைத்த வேலையைச் செய்திருக்கிறார், அதுவும் பெரிய படத்துக்குப் போடுவதுபோலவே.

குறை? ரோ-மேன் மலை ஏறுகிறான், இறங்குகிறான், மறுபடி ஏறுகிறான், படத்தில் பாதி இதுதான். நடுவே 1940இல் வந்த வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய பல்லிச் சண்டை. நல்லவேளை, ஒரு மணி நேரம் தாண்டியதும் முடிந்துவிடும்.

கடைசியில் ரோ-மேன் குகையிலிருந்து நம்மை நோக்கி வருவான். 3டி படமல்லவா, அதே ஷாட்டை மூன்று தடவை போட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை வந்தபோது என் பையன் எழுந்து நின்று கைதட்டினான்.