கிறீச் சத்தத்துக்கு ஸ்ப்ரேயா, கிரீஸா, புது புஷ்ஷா?

கோத்தகிரியில் மார்கழிக் காலை ஆறரை மணிக்கு காரை எடுத்தால், வேகத்தடை ஏறும்போது முன்பக்கம் இடதுபுறத்திலிருந்து பழைய கயிற்றுக் கட்டில் போல ஒரு கிறீச். வெயில் ஏறினால் பாதி குறையும். மழை பெய்தால் சுத்தமாக நின்றுவிடும். குளிரில் இறுகுவதும் ஈரம் பட்டால் வழுக்குவதும் ரப்பரின் குணம். அப்படியானால் சத்தம் ஏதோ ஒரு புஷ்ஷில், அதாவது இரும்புப் பாகங்களுக்கு இடையே மெத்தை போல இருக்கும் ரப்பரில். ஜாயிண்ட் தேய்ந்து இரும்பு ஆடினால் வருவது ‘டொக் டொக்’. அதற்கு மழையும் வெயிலும் ஒன்றுதான்.

எந்த புஷ் என்று தெரியாமலே ஸ்ப்ரே வாங்கக் கிளம்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், வாசலிலேயே நிறுத்தினார்.

“காசைக் கரியாக்காதீங்க தம்பி. மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி எடுத்துட்டு வாங்க.”

“எதுல ஊத்தறதுங்ணா?”

“ஒவ்வொரு புஷ்ஷா ஊத்துங்க. ஊத்திட்டு பம்பரை அமுக்கி விடுங்க. எதுல ஊத்தினப்போ சத்தம் நிக்குதோ, அதுதான் ஆளு.”

மூன்றாவது இடத்தில் நின்றது. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ‘டி’ வடிவ புஷ். இது அதிர்ஷ்டம் என்று பிறகுதான் புரிந்தது. ஏனென்றால் ரப்பர் புஷ்ஷில் இரண்டு சாதி உண்டு. பல வண்டிகளில் டி புஷ்ஷுக்குள் கம்பி திரும்பும், உரசும். அதனால் வழவழப்பு கொடுத்தால் பலன் உண்டு. சக்கரத்தைக் கீழிருந்து வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் அப்படியில்லை. ரப்பர் உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். முறுக்கிக்கொண்டு திரும்பி வருமே தவிர உரசாது. அது உரசிச் சத்தம் போட்டால் ஒட்டு விட்டுப்போயிற்று என்று அர்த்தம். அதில் எந்த எண்ணெய் ஊற்றினாலும் வீண். எந்த டப்பா நல்லது என்று ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்களே, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சரி, டப்பாக்களுக்கு வருவோம். எல்லார் வீட்டிலும் இருப்பது டபிள்யூடி-40. பெயரில் உள்ள டபிள்யூடி ‘நீரை விலக்குவது’ என்பதன் சுருக்கம். 1953இல் நாற்பதாவது முயற்சியில் சரிவந்த கலவை என்பதால் 40. ஈரத்தை விரட்டுவதும் துருவை இளக்குவதும் அதன் வேலை. புஷ்ஷில் அடித்தால் உடனே அமைதி. சில நாளில் பழைய கதை. நான் அதை ஒதுக்கவில்லை. துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல்நாள் இரவே அடித்து வைக்க அதுதான் தோது.

சிலிக்கான் ஸ்ப்ரே ரப்பரைக் கெடுக்காது, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். சமவெளியில் இதுவே போதும் என்பேன். ஆனால் ஐப்பசி மழையில் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிப் பாருங்கள், 33 கிலோமீட்டர் சேற்றுத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடும். சிலிக்கான் கிரீஸ் அதைவிட நிற்கும், ஆனால் புஷ்ஷை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கழற்றி உள்ளே தடவ வேண்டும். கழற்றுகிற அளவுக்குப் போனபின் பழைய ரப்பரையே ஏன் திரும்ப மாட்டுவது?

சாதாரண மஞ்சள் கிரீஸ், மிச்சமான இன்ஜின் ஆயில் இரண்டும் கூடவே கூடாது. முந்தைய வண்டியில் செய்து பார்த்தவன் சொல்கிறேன். மினரல் ஆயில் பட்ட இயற்கை ரப்பர் ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பி, கொஞ்ச நாளில் கையோடு பிய்ந்து வந்தது. அவசரத்துக்கு விளக்கெண்ணெய் எவ்வளவோ மேல். இயற்கை ரப்பருக்கு அது பகையில்லை. பிரேக் ரப்பர்களுக்குப் போடும் சிவப்பு கிரீஸே விளக்கெண்ணெயில் செய்யப்படுவதுதான். தூசியை ஒட்டிக்கொள்ளும் என்பது ஒன்றே குறை.

கடைசியில் நான் செய்தது புஷ்ஷை மாற்றியது. ஜோடி சில நூறு ரூபாய், ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். என் வண்டியில் பக்கத்துக்கு இரண்டு போல்ட்தான். சில வண்டிகளில் கீழ்ச்சட்டத்தையே இறக்கினால்தான் கை போகும், அந்த வண்டிக்காரர்கள் வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது.

மலையில் கஷ்டம் போல்ட் இல்லை, சமதரை. எங்கள் வாசல் சரிவில் ஜாக்கி போடுவது தற்கொலைக்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை டீ ஃபேக்டரியில் சொல்லிவிட்டு, இலை லாரி நிற்கும் சிமெண்ட் தளத்துக்குக் கொண்டுபோனேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல், ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு ஸ்டாண்டு. முன்சக்கரம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், கிளாம்ப்பைத் தளர்த்தும்போது துள்ளும். பழைய ரப்பரை உருவியதும் கம்பியில் துரு. அதை வயர் பிரஷ்ஷால் தேய்க்காமல் புதுசை மாட்டியிருந்தால் சீக்கிரமே அரம் போல அறுத்திருக்கும்.

தண்ணீர் சோதனை லோயர் ஆர்மைக் காட்டியிருந்தால் ஒர்க்‌ஷாப்புக்கே போயிருப்பேன். அந்தப் புஷ்ஷைப் பிதுக்கி எடுக்க பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரம் வேண்டும். அங்கேயும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: வண்டி தன் சக்கரத்தில் நின்று பாரம் இறங்கிய பிறகே போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்டீயரிங் திருப்பும்போது வரும் கிறீச், சக்கரத்தைத் திரும்ப விடும் குண்டு மூட்டான பால் ஜாயிண்டாக இருக்கலாம். அதற்குள் ஊசியால் கிரீஸ் ஏற்றும் வித்தையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. அது கழன்றால் சக்கரம் மடங்கும், அதுவும் கொண்டை ஊசி வளைவில்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் புஷ் போடச் சொன்னவர்களும் உண்டு. நீண்ட நாள் உழைக்கும். ஆனால் குழி முழுக்க முதுகுக்கு வரும், உள்ளே கிரீஸ் காய்ந்தால் அதுவே கத்தும். சத்தத்துக்குப் பயந்து இதை வாங்குவானேன்?

பக்கத்து வீட்டு அண்ணனின் ஆம்னிக்கு இதெல்லாம் பொருந்தாது. பின்னால் பட்டை ஸ்பிரிங். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே கிராஃபைட் கிரீஸ் கேட்கிறது. அடுத்த ஞாயிறு அதே சிமெண்ட் தளத்தில் அவர் முறை.