சுகர் இருக்கற அப்பாவோட கண்ணுக்காக வாங்கின ஏர் ப்யூரிஃபையர், எதுக்கு உதவுது எதுக்கு உதவாது

நேரா விஷயத்துக்கு வரேன். வீட்ல சுகர் பேஷன்ட் இருந்து, அவங்களுக்கு கண் எரிச்சல், உறுத்தல், காலைல எந்திரிக்கும்போதே கண்ணு செவந்து கெடக்கறதுன்னு தொந்தரவு இருந்தா ஒரு நல்ல ஹெபா (நுண்துகளையும் பிடிக்கற ஃபில்டர்) ப்யூரிஃபையர் உதவுது, எங்க வீட்ல உதவிச்சு. ஆனா பெட்டி மேல பெருசா "கண்களைப் பாதுகாக்கும்"னு போட்டிருக்காங்க பாருங்க, அதை நம்பி ரெட்டினா (விழித்திரை) செக்கப்ப தள்ளிப் போடறவங்க இருப்பாங்கன்னு நெனச்சாலே பயமா இருக்கு, அதான் இந்த ரிவ்யூ கொஞ்சம் நீளமா போகும்.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். வீடு மெயின் ரோட்டை ஒட்டி, ஜன்னலைத் தொறந்தா வண்டிப் புகை. கண் டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னாங்க, ஒண்ணு கண் வறட்சி, இன்னொண்ணு ரெட்டினோபதி, அதாவது சுகரால ரெட்டினாவுக்கு வர்ற பாதிப்பு, ஆரம்ப நிலை. இந்த ரெண்டும் வேற வேற, இதைப் புரிஞ்சுக்கிட்டா தான் மெஷின் எதுக்குன்னு புரியும்.

வறட்சி கண்ணோட மேல்பக்க விஷயம். சுகர் ரொம்ப நாள் இருந்தா கருவிழில இருக்கற நரம்புகளோட உணர்ச்சி கொறஞ்சுடும், அது கொறஞ்சா கண் சிமிட்டறதும் கண்ணீர் சுரக்கறதும் கொறையும், அதுக்கு மேல புகையும் தூசும் பட்டா இருக்கற கொஞ்ச நீர்ப்படலமும் கெட்டுப் போகும், சின்னதா கீறல் விழுந்தாலும் ஆறறதுக்கு மத்தவங்களை விட நேரம் ஆகும். உணர்ச்சி கொறஞ்சதால சில பேருக்கு உறுத்தலே தெரியாது, உள்ள புண்ணா இருக்கும், டாக்டர் மஞ்சள் சாயம் விட்டு நீல லைட்ல பாத்தா தான் தெரியும்.

ரெட்டினோபதி கண்ணுக்குள்ள, பின்பக்கம். சர்க்கரை அதிகமா இருந்து இருந்து ரெட்டினால இருக்கற மெல்லிசு ரத்தக்குழாய் பலவீனமாகி கசியும், அடைபடும், முத்திப் போனா புதுசா குழாய் மொளச்சு உடைஞ்சு கண்ணுக்குள்ளயே ரத்தம் கொட்டும். ஆரம்பத்துல வலியும் இருக்காது, பார்வையும் தெளிவா தான் இருக்கும். காத்து மாசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தைவான், சீனால பண்ண ஆய்வுகள்ல வந்திருக்கு. பிஎம் 2.5ன்னு சொல்ற நுண்துகள் நுரையீரலோட அடி ஆழம் வரைக்கும் போய் உடம்பு பூரா அழற்சியைக் கெளப்பி ரத்தக்குழாயோட உள்சுவரைப் பாதிக்கும்ங்கறது தான் காரணமா சொல்றாங்க. ஆனா மாசு அதிகமா இருக்கற எடத்துல பாதிப்பும் அதிகமா இருக்குங்கறதை வச்சு மட்டும் இதனால தான் அது வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது, மெஷின் வச்சா வராதுன்னு சொல்றது அதை விட பெரிய தாவல். பெட்டிலயோ மேனுவல்லயோ அதுக்கு ஒரு ஆதாரம் கூட காட்டல, எனக்கு இந்த கம்பெனி மேல இருக்கற முக்கியமான கோவமே அது தான். நிரூபணம் ஆனது சுகர் கன்ட்ரோல். 1993ல வந்த டிசிசிடிங்கற பெரிய சுகர் ஆய்வுல டைப் 1 (உடம்புல இன்சுலின் சுரக்காத வகை) பேஷன்ட்ங்களுக்கு சர்க்கரையை கட்டுப்பாட்டுல வச்சதுல புதுசா ரெட்டினோபதி வர்ற ஆபத்து 76 சதவீதம் கொறஞ்சுது. கூடவே பிபியும் கட்டுக்குள்ள இருக்கணும்.

சரி, மெஷின். ஹெச்13 ஹெபா ஃபில்டர், மெல்லிசா ஒரு கார்பன் லேயர், முன்னாடி பிஎம் 2.5 நம்பர் காட்டற டிஸ்ப்ளே. காலைல டிராஃபிக் நேரத்துல ஜன்னல் தொறந்திருந்தா நம்பர் 100ஐத் தாண்டும், மூடிட்டு ஃபுல் ஸ்பீடுல விட்டா அரை மணி நேரம் போல ஆனா 15க்குக் கீழ வந்துடும். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு 24 மணி நேர சராசரிக்கு ஒரு கன மீட்டர் காத்துல 15 மைக்ரோகிராம், வருஷ சராசரிக்கு 5 தான், அதனால 30 வந்தவுடனே பச்சை லைட் எரிஞ்சா நிம்மதி ஆயிடாதீங்க. ஈரப்பதம் அதிகமா இருக்கற நாள்ல சென்சார் கூட்டிக் காட்டும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

வாங்கும்போது பாக்க வேண்டியது சிஏடிஆர், அதாவது மெஷின் மணிக்கு எவ்ளோ சுத்தமான காத்து தரும்ங்கற அளவு. 12 சதுர மீட்டர் ரூம், 3 மீட்டர் உயரம்னா 36 கன மீட்டர் காத்து, மணிக்கு 5 தடவை சுத்தமாகணும்னா மணிக்கு 180 கன மீட்டர் வேணும். பெட்டில போட்டிருக்கற சிஏடிஆர் ஃபுல் ஸ்பீடுக்கானது, ஸ்லீப் மோட்ல அதுல கொஞ்சம் தான் வரும். சத்தத்துக்கு பயந்து ராத்திரி பூரா ஸ்லீப் மோட்ல விட்டா பிரயோஜனம் ரொம்ப கம்மி, நாங்க படுக்கறதுக்கு முன்னாடி ஃபுல்ல ஓட்டிட்டு அப்புறம் நடு ஸ்பீடுல விடறோம்.

கண் வறட்சி இருக்கறவங்க கண்டிப்பா கவனிக்க வேண்டியது காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறது. டெலிவரிக்கு வந்தவர் கட்டில் தலைமாட்டுல வச்சு ஆன் பண்ணிட்டு போனார், காத்து நேரா அப்பா மூஞ்சிக்கு. சுத்தமான காத்தா இருந்தாலும் கண்ணு மேல நேரா அடிச்சா இருக்கற ஈரமும் காய்ஞ்சுடும். இப்ப கால்மாட்டுல, சுவரைப் பாத்து திருப்பி வச்சிருக்கோம். கண் பத்தி இவ்ளோ பேசற கம்பெனி மேனுவல்ல இதைப் பத்தி ஒரு வரி போட்டிருக்கலாம். அயனைசர் (காத்துல மின்னேற்றம் பண்ற வசதி) பட்டனையும் ஆஃப்லயே வைங்க, சில மாடல்ல அது ஓசோன் விடும், ஓசோனே கண்ணை எரிய வைக்கும்.

ஃபில்டரைக் கழட்டிப் பாத்தப்ப எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. காத்து உள்ள நுழையற பக்கம் மடிப்பு மடிப்பா சிமென்ட் கலர்ல கறுத்துப் போயிருக்கு, மடிப்பை விரிச்சு பாத்தா அடி வரைக்கும் அதே கலர், மறுபக்கம் இன்னும் வெள்ளையா இருக்கு, அந்தக் கறுப்பு எல்லாம் அப்பா சுவாசிச்சிருக்க வேண்டியது. கார்பன் மட்டும் ஏமாத்தம், அவ்ளோ மெல்லிசா இருந்தா வண்டிப் புகைல வர்ற வாயுவை ரொம்ப நாளைக்குப் பிடிக்காது.

பலன்னு சொன்னா காலைல கண்ணு செவக்கறது நல்லாவே கொறஞ்சிருக்கு, சொட்டு மருந்து விடற தடவையும் கொறஞ்சிருக்கு, (அடிக்கடி விடறவங்க ப்ரிசர்வேடிவ் இல்லாத சொட்டு மருந்தா டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க, பென்ஸால்கோனியம் குளோரைடுங்கற ப்ரிசர்வேடிவ் இருக்கறதை நெறைய தடவை விட்டா அதுவே கருவிழியை எரிச்சல் படுத்தும்). ரெட்டினா செக்கப்ல முன்ன இருந்த மாதிரியே இருக்கு, கூடல. அதுக்கு டாக்டர் சொன்ன காரணம் ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டற டெஸ்ட்) எறங்கினது, மெஷின் இல்ல. டைப் 2ன்னா சுகர் கண்டுபிடிச்ச உடனேயே ஒரு தடவை, அப்புறம் பொதுவா வருஷா வருஷம் கண் பாப்பாவை (கருவிழி நடுவுல இருக்கற துவாரம்) சொட்டு மருந்து விட்டு விரிச்சு பாக்கற டெஸ்ட் வேணும், ஏற்கனவே பாதிப்பு இருந்தா டாக்டர் சீக்கிரமே வரச் சொல்வாங்க. திடீர்னு கறுப்பு புள்ளி புள்ளியா மெதந்தா, மின்னல் மாதிரி வெட்டினா, திரை விழுந்த மாதிரி மறைச்சா அன்னிக்கே போயிடணும்.

பகல் பூரா ஜன்னல் தொறந்தே இருக்கற வீடு, உள்ளயே சிகரெட் பிடிக்கறவங்க இருக்கற வீடுன்னா வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க, மொதல்ல அந்த சிகரெட்டை நிறுத்துங்க. மெஷினுக்கு 5க்கு 4 கொடுக்கறேன். அந்த மாடலுக்கான ஃபில்டர் தனியா எப்பவும் கெடைக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, எங்களுக்கு ஸ்டாக் இல்லன்னு ரொம்ப இழுத்தடிச்சாங்க.