பால்மரமா, செம்பனையா? கிராபிஸ் தேடுபவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால்மர (ரப்பர் மர) பட்டையிலுள்ள வெள்ளைத் திட்டு புதிதல்ல. "மரத்துக்குத் தேமல்" என்பார் எங்கள் பாட்டி. கிட்டப் போய்ப் பாருங்கள்: சாம்பல் தாளில் யாரோ கறுப்பு மையால் கிறுக்கியதுபோல் பொடிக் கோடுகள். அதுதான் கிராபிஸ், பட்டையோடு பொருக்காக ஒட்டிப் படரும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். ஒவ்வொரு கோடும் வித்துகள் உருவாகும் ஒரு பிளவு. உள்ளே பூஞ்சையோடு கூட்டுக்குடித்தனம் நடத்துவது டிரென்டிபோலியா என்ற பாசி. மரத்தின் சாற்றை இந்த லைக்கன் உறிஞ்சுவதில்லை, பாவம், வீண்பழி.

எங்கே தேடுவது? என் ஓட்டு பால்மரத்துக்குத்தான். பட்டை வழவழப்பு, ஆண்டுக்கொருமுறை இலையுதிர்வதால் வெளிச்சமும் இறங்கும். ஆனால் பால் வெட்டும் பகுதியில் பட்டையைச் சீவிக்கொண்டே இருப்பார்கள், அங்கே ஒன்றும் நிலைக்காது. கத்தி எட்டாத உயரத்தில் பாருங்கள்.

செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) மட்டை வெட்டிய அடித்துண்டுகள் பல ஆண்டுகள் தண்டை மூடியிருக்கும். இடுக்கில் மட்கு சேரும், பெரணி முளைக்கும். மெதுவாக வளரும் கிராபிசுக்கு அங்கே இடமேது? அடித்துண்டு உதிர்ந்த கிழட்டு மரங்களில் வெளுத்த திட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எழுத்து போன்ற அந்தக் கோடுகள் மட்டும் கண்ணில் படவில்லை.

இப்போது பக்கத்தில் பால்மரக்காடு இல்லையா? வீட்டு ரம்புத்தானைப் பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும், கொசு மருந்தை மறக்காதீர்கள்.