கல்லூரியா, கள ஆய்வு மையமா, மதிப்பாய்வு நிறுவனமா? வேலூரிலிருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

குடும்பநல, இளையோர் திட்டங்களை வகுப்பதையும் அவற்றின் பலனை அளப்பதையும் வாழ்நாள் பணியாகக் கொள்ள விரும்பும் ஒருவர், வேலூர் வட்டாரத்தில் சமூகப் பணியிலோ மனையியலிலோ உளவியலிலோ முதுகலை முடித்து நிற்கும்போது, அவருக்கு முன்னால் மூன்று பாதைகள் இருக்கின்றன. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வுகளான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேறி, முனைவர் பட்டமும் பெற்று, கல்லூரியில் உதவிப் பேராசிரியராவது முதல் பாதை. மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சமுதாய நலப் பிரிவு போன்ற கள ஆய்வு மையத்தில் ப்ராஜெக்ட் பணியில் சேர்ந்து ஆய்வாளராக வளர்வது இரண்டாவது. தொண்டு நிறுவனத்திலோ மதிப்பாய்வு நிறுவனத்திலோ கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலராவது மூன்றாவது. வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் சம்பளமும் வேலை நிரந்தரமும்தான் முதலில் வரும், அது நியாயமே. ஆயினும் இந்தத் துறைக்கென்று தனியாக இரண்டு கேள்விகள் உண்டு. ஒரு குடும்பத்தை ஆண்டுகள் கழித்தும் திரும்பிச் சென்று பார்க்க அந்தப் பணி வழி செய்கிறதா? ஒரு திட்டம் பலிக்கவில்லை என்று தெரிந்தால் அதை அப்படியே எழுதி வெளியிட அந்தப் பணி விடுமா? இந்த இரண்டையும் வைத்தே மூன்று பாதைகளையும் நான் ஒப்பிடுகிறேன்.

இந்த இரு கேள்விகளும் ஏன் முக்கியம் என்பதற்கு இத்துறையின் பழைய ஆய்வொன்றே போதும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு நகரங்களில் 1939இல் தொடங்கிய திட்டம் அது. ஏறத்தாழ ஒத்த பின்னணி கொண்ட சிறுவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, அவர்களில் ஒருவரை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவருடைய வீட்டுக்கு ஆலோசகரை அனுப்பி, படிப்புக்கும் உடல்நலத்துக்கும் உதவி செய்து, கோடை முகாமுக்கும் அழைத்துச் சென்றார்கள். இந்த உதவி சராசரியாக 5 ஆண்டுகள் நீடித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்த 506 பேரின் நிலையைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களில் பலர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். ஆனால் குற்றப் பதிவு, குடிநோய், மனநோய், இளவயது மரணம் ஆகியவற்றின் ஆவணங்களைப் புரட்டியபோது, உதவி பெற்ற பிரிவே மோசமான நிலையில் இருந்தது. 1978இல் அவர் இதை வெளியிட்டார். அன்போடு நடத்தப்பட்ட ஒரு திட்டம் தீங்கும் செய்யக்கூடும் என்பதும், பயனாளிகளிடம் கருத்துக் கேட்பது மட்டும் மதிப்பாய்வு ஆகாது என்பதும் உலகுக்குத் தெரிய வந்தது, ஒருவர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பிப் போனதாலும், கிடைத்ததை மறைக்காமல் எழுதியதாலும்தான்.

இனி கல்லூரிப் பாதைக்கு வருவோம். உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று பல ஆண்டுகள் பேசப்பட்டு, 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு நெட், செட் தேர்ச்சியையே குறைந்தபட்சத் தகுதியாக அறிவித்துவிட்டது. ஆகவே முதலில் நெட், பிறகு முனைவர் பட்டம் என்ற வரிசை இப்போது சாத்தியம். நெட் தேர்வின் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். வேலூர் போன்ற ஊரில் இது கௌரவமாக வாழப் போதுமான தொகை. மானியக் குழு விகிதத்தில் நிரந்தரப் பணி அமைந்தால் அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700 ரூபாயில் தொடங்கும். ஆனால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை கௌரவ விரிவுரையாளராகவோ சுயநிதிப் பிரிவிலோ அந்த விகிதத்துக்குப் பல மடங்கு கீழான ஊதியத்தில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆய்வு என்ற அளவில் கல்லூரியின் பெரிய குறை அதன் கால அளவு. எல்லாம் செமஸ்டருக்குள் முடிய வேண்டும். முதுகலை மாணவர் ஒரு கிராமத்தில் அறுபது பேரிடம் வினாத்தாள் நிரப்பி, சதவீத அட்டவணை போட்டு, கை ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை பார்த்து, ஆலோசனைகள் என்ற தலைப்பில் பத்து வரி எழுதி பைண்டிங் செய்து கொடுத்துவிடுகிறார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை, திட்டத்துக்கு முந்தைய நிலவரமும் இல்லை. அந்த அறுபது குடும்பங்களுக்கு யாரும் மறுபடி போவதுமில்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு, விடைத்தாள் திருத்தல், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்கான கோப்புகள், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று ஆசிரியருடைய நாளும் கரைகிறது. வெளி நிதி நல்கை இல்லாமல் ஒரு நல்ல கள மதிப்பாய்வை நடத்த அவரால் இயலாது.

அப்படியிருந்தும் இரண்டாவது கேள்விக்குக் கல்லூரியே சிறந்த விடை தருகிறது என்பது என் கருத்து. நிரந்தரப் பணியில் இருப்பவர் ஒரு திட்டத்தால் பலன் இல்லை என்று எழுதினால் அவருடைய அடுத்த மாதச் சம்பளத்துக்கு ஆபத்து வராது. இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. அதை நம் ஆசிரியர்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை. ஆய்வுக்குரிய இளையோரே வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கு மட்டும் மாதம் 1,000 ரூபாய் தந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது விரிவானது பின்னர்தான். அதாவது, ஏறத்தாழ ஒரே பின்னணியில் வளர்ந்த இரு பிரிவு மாணவியரில் ஒரு பிரிவுக்கு மட்டும் சில ஆண்டுகள் உதவி கிடைத்திருக்கிறது. காட்பாடி ஆக்சீலியம் கல்லூரி போன்ற மகளிர் கல்லூரிகளில் இவ்விரு பிரிவினரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தார்கள். திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளிலும் பிந்தைய ஆண்டுகளிலும் இரு பிரிவிலும் படிப்பை இடையில் நிறுத்தியோர் விகிதம் எப்படி மாறியது என்று வருகைப் பதிவையும் தேர்வுப் பதிவையும் வைத்தே அளக்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். கல்லூரி நிர்வாகத்தின் அனுமதியும், தரவைப் பெயர் நீக்கிக் கையாளும் ஒழுங்கும், பொறுமையும் போதும்.

கள ஆய்வு மையம் என்ற இரண்டாவது பாதையில் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு எளிதில் கிடைக்காத வாய்ப்பு வேலூருக்கு உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் கிராமம் கிராமமாகப் பிறப்பு, இறப்பு, திருமணம், கர்ப்பம் ஆகியவற்றைப் பதிவு செய்துவருகிறது. ஊரிலேயே வசிக்கும் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர் முதலில் பதிவார். அதை அவருக்கு மேலுள்ள சுகாதார உதவியாளரும் செவிலியரும் மருத்துவரும் அடுத்தடுத்துச் சரிபார்ப்பார்கள். கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 1977இல் தொடங்கப்பட்ட ரூஷா, மருத்துவத்தோடு ஊரக மேம்பாட்டையும் சேர்த்துச் செய்யும் மையம். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்கள் நடுவயதை எட்டும்வரை தொடர்ந்த ஆய்வுத் தொகுதியும் இங்கே இருக்கிறது. மெக்கார்ட் செய்ததைப் போன்ற நீண்ட கால ஆய்வுக்கு வேண்டிய அடித்தளம் நம் ஊரிலேயே உள்ளது என்பதை நம் மாணவர்களில் பலர் அறியாமலேயே சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறிவிடுகிறார்கள்.

இத்தகைய பதிவேடு என்ன செய்யும் என்பதற்குக் கணியம்பாடியே சான்று. 1992 முதல் 2001 வரையிலான அதன் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, 10 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148 பேரும் ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் இறந்ததைக் காட்டியது. காவல் நிலையப் பதிவில் வயிற்று வலி என்றோ விபத்து என்றோ போய்விடக்கூடிய மரணங்கள், வீட்டாரிடம் நிதானமாகப் பேசிக் காரணம் கண்டறியும் முறையால் வெளிச்சத்துக்கு வந்தன. வளரிளம் பெண்களுக்காக ஒரு திட்டம் வகுப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை, எத்தனை கருத்தரங்குகள் நடத்தினாலும் தெரிந்துகொள்ள முடியாத அளவுக்கு, அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன.

தரவின் தரத்தைக் கண்ணால் பழகுவதற்கும் இந்த மையங்களே ஏற்றவை. அங்கன்வாடியின் எடைப் பதிவேட்டில் குழந்தைகளின் எடையெல்லாம் 9.0, 9.5, 10.0, 10.5 என்று அரைக் கிலோ கணக்கிலேயே வரிசையாக நின்றால், தராசு முள்ளைப் படிக்காமல் உத்தேசமாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள், 9.3, 9.7, 10.1 என்று கலந்து வந்தால் நம்பலாம். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் பதினைந்து வயதுப் பெண்ணிடம் பேட்டி எடுக்கும்போது, அவள் மடியில் முறத்தை வைத்து இலையில் தூளை நிரப்பிச் சுருட்டிக்கொண்டே பதில் சொல்வாள். அம்மா பக்கத்தில் இருக்கும்வரை எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்பதுதான் விடை. அம்மா சுற்றிய பீடிக் கட்டுகளைக் கொடுத்துக் கணக்குப் பார்க்க பீடிக் கடைக்குப் போன பிறகுதான், பள்ளியை விட்டு நின்றது எப்போது, ஏன் என்பது வரும். அந்த நேரத்துக்காகக் காத்திருக்கத் தெரிந்தவரே இத்துறையில் ஆய்வாளர்.

அறநெறி ஒழுங்கிலும் இம்மையங்கள் முன்னிற்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, 12 முதல் 18 வயதுக்குட்பட்டோரிடம் பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களுடைய எழுத்துபூர்வமான ஒப்புதலையும் பெற வேண்டும். 7 முதல் 12 வயது வரை வாய்மொழி ஒப்புதல் வேண்டும். பேட்டியின்போது பாலியல் கொடுமை தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். இதற்கெல்லாம் முன்கூட்டியே வழிமுறை வகுத்து வைத்திருக்கும் அறநெறிக் குழு மருத்துவ நிறுவனங்களில் உண்டு. பல கலைக் கல்லூரிகளில் அந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

குறைகளும் சிறியவையல்ல. பணி ஒப்பந்தத்தில் நடக்கும். ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்த ப்ராஜெக்ட் வரும்வரை கை பிசைய வேண்டும். ஆய்வுக் கேள்வி நிதி நல்கும் இடத்திலேயே முடிவாகி வந்திருக்கும். மருத்துவரல்லாதவர் நெடுங்காலம் இரண்டாம் நிலையில் வைக்கப்படுவதுண்டு. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் களத்தில் உழைத்தவர் பெயர் எங்கே வரும் என்பதை வேலையில் சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாநில அரசின் மதிப்பீடு மற்றும் பயன்முறை ஆராய்ச்சித் துறையும் தனியார் மதிப்பாய்வு நிறுவனங்களும் மாவட்டங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் பார்க்கும் பரப்பைத் தருகின்றன. டேப்லெட்டில் தரவு சேகரிப்பது, மாதிரி எடுப்பது, நூறு கணக்கெடுப்பாளர்களை மேய்ப்பது ஆகியவற்றை இங்கே இரண்டே ஆண்டில் கற்றுக்கொள்ளலாம். தொண்டு நிறுவனத்தில் சேர்பவருக்கு, பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமத்தில் ஒரு திட்டத்தை வகுத்து நடத்திப் பார்க்கும் அனுபவம் கிடைக்கும். அதற்கு ஈடே இல்லை. ஆனால் அறிக்கை பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். பலிக்கவில்லை என்ற முடிவு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டால் எழுதியவரால் எதுவும் செய்ய இயலாது. மதிப்பாய்வை அறிவுத் துறையாக நேசிப்பவருக்கு இது தங்கும் இடமாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னை நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் வேலூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். இளையோர் மேம்பாட்டையே பாடமாக எடுத்துப் படிக்க விரும்புவோருக்கு அது பொருந்தும். குடும்பத்தை மையமாகக் கொண்டவர்கள் சமூகப் பணித் துறை உள்ள கல்லூரிகளை, உதாரணமாகத் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்றவற்றை, முதலில் பார்ப்பது பயனுள்ளது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கல்லூரி நியமனத்தின்போது முதுகலைப் பாடமும் நெட் பாடமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். களத்துக்குப் போகிறோம் என்று பாடத்தை இடையில் மாற்றிக்கொண்டவர்கள் பிறகு இங்கே சிக்கிக்கொள்வதுண்டு.

என்னிடம் கேட்டால், முதலில் கள ஆய்வு மையம், பிறகு கல்லூரி என்ற வரிசையையே சொல்வேன். நெட் தேர்வை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இளநிலை உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு வரை தளர்வு உண்டு என்பதால், களப்பணியில் இருக்கும்போதே அதை எழுதி முடிக்க வேண்டும். களத்தில் ஒரு முழுச் சுற்றையாவது, அதாவது அடிப்படைக் கணக்கெடுப்பு முதல் இறுதிக் கணக்கெடுப்பு வரை, விடாமல் இருந்து பார்த்துவிட்டு, அங்கே தோன்றிய சொந்தக் கேள்வியோடு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டின் விதிப்படி அதற்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்பும், இடையில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் கிடைக்கும். திருமணம் ஆகிவிட்டால் ஆய்வு நின்றுவிடும் என்று மகளைத் தடுக்கும் பெற்றோரிடம் இந்த விதியை எடுத்துக் காட்ட வேண்டும்.

ஆனால் குடும்பச் சுமை முழுவதும் தன் தோளில் இருப்பவரை, ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதம் சம்பளமின்றி இருக்க முடியாதவரை, இந்த வரிசையைப் பின்பற்றச் சொல்லி வற்புறுத்துவது முறையல்ல. அவர் கல்லூரியில் முதலில் காலூன்றிக்கொண்டு, பதிவேடுகள் வைத்திருக்கும் கள மையத்தோடு கூட்டு ஆய்வு நடத்தலாம். சமுதாய நலத் துறை இருக்கும் பாகாயமும், ரூஷா இருக்கும் கே.வி.குப்பமும் நகரிலிருந்து எட்டும் தூரத்தில் இருப்பதால், வேலூரில் பணியாற்றும் ஆசிரியருக்கு இது நடைமுறையில் கைகூடும். அப்படிப்பட்டவர் முனைவர் பட்ட வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த வழிகாட்டியின் கட்டுரைகளின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, ஒரு திட்டம் பலிக்கவில்லை என்று அவர் எப்போதாவது எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பார்க்கட்டும்; எழுதியிருந்தால் அவரிடமே பதிவு செய்யட்டும்.