அம்மாவின் காலில் ஆறாத புண்

மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். அதில் பாதி ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே போய்விட்டது.

அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே 40 வருடப் பழைய தீக்காயத் தழும்பு. அதன் நடுவே எட்டு மாதமாக ஒரு புண். போனில் கேட்டால் "அது ஆறிடும்பா" என்பார். நேரில் பார்த்தபோது ஓரம் தடித்து மேலெழும்பி, பஞ்சு பட்டாலே ரத்தம் கசிந்தது. அதுவரை காட்டிய கிளினிக்கில் ஆயின்மென்டை மாற்றினார்கள், கட்டை மாற்றினார்கள், சர்க்கரை டெஸ்ட் இரண்டு தடவை எடுத்தார்கள். துளி சதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாளே தோல் டாக்டர் பார்த்துவிட்டார். நான் இருக்கும் நாட்டில் இதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் விளிம்பிலிருந்து பயாப்சி எடுத்தார். நடுவில் எடுத்தால் வெறும் அழுகல் சதைதான் வருமாம். ஆறாம் நாள் ரிப்போர்ட்: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. கவுன்டரில் கவரை நீட்டியதோடு சரி, ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

விளக்கியவர் சர்ஜன்தான். தோலின் மேலடுக்கில் இருக்கும் தட்டையான செல்களில் வரும் புற்றுநோய் இது. வெள்ளைத்தோல்காரர்களுக்குப் பெரும்பாலும் வெயிலால் வரும். கருந்தோலில் பழைய தீக்காயத் தழும்பிலும் நாள்பட்ட புண்ணிலும்தான் அதிகம் வருகிறது. தழும்பில் வருவதற்கு மார்ஜோலின் புண் என்று தனிப் பெயரே உண்டு. இந்த வகை நெறிகட்டிகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடுதல் என்பதால், பேசிக்கொண்டே அம்மாவின் தொடையிடுக்கை அழுத்திப் பார்த்தார், ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். நல்லவேளை, அங்கே ஒன்றும் இல்லை.

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். புண்ணோடு சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஒட்டுத்தோல் இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. அம்மாவுக்கோ வேறு புகார்: "கால் பரவாயில்ல, தொடைதான் எரியுது." அது சகஜம், தோல் எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும் என்றார் நர்ஸ்.

வெட்டிய விளிம்புகளில் புற்றுசெல் இல்லை என்று வந்ததால் ரேடியேஷன் வேண்டாம் என்றார்கள். வெட்ட முடியாத அளவுக்குப் பரவியவர்களுக்கு செமிப்ளிமாப் என்று, உடம்பின் எதிர்ப்புசக்தியையே புற்றுசெல்லைத் தாக்க வைக்கும் மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 2018-இல் அனுமதித்தார்கள். எங்களுக்கு அதுவரை போகவில்லை.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். ஃபைலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். நெறிகட்டியை எப்படித் தடவிப் பார்ப்பது என்று நர்ஸிடம் அவளும் கற்றுக்கொண்டாள்.